நேபாளத் தம்பி சொன்ன ‘துக்கம்’ என்ன துக்கம்?

நம் பக்கத்தில் வாழும் வெளிநாட்டுத் தொழிலாளர்களின் மொழியைப் பற்றித் தொலைக்காட்சிக் கருத்தரங்கில் பேசத் தொடங்கி, விளம்பர இடைவேளை வந்து, பேச்சு பாதியிலேயே நின்றுவிட்டது. நெறியாளருக்கே நேரம் கிடைக்காத நிகழ்ச்சி அது! விட்ட இடத்திலிருந்து சொல்லாமல், முதலிலிருந்தே எழுதிவிடுகிறேன்.

எங்கள் தாமான் மாசாய் பக்கம். நுழைவாயிலில் நேபாளத் தம்பி ஒருவர் ஜாகா வேலை பார்த்தார். என் அம்மாவை அவர் ‘ஆமா’ என்றுதான் கூப்பிடுவார். நேபாளி மொழியில் ஆமா என்றால் அம்மா. இது தெரியாத அம்மா, “எதைச் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் ஆமா ஆமாங்கிறான், நல்ல பிள்ளை” என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தார். (அண்ணனை அவர்கள் ‘தாய்’ என்பார்கள். அந்தக் குழப்பத்துக்குள் இன்று போக வேண்டாம்.)

ஒருநாள் காலை அந்தத் தம்பி முகம் வாடி உட்கார்ந்திருந்தார். அம்மா மலாயில் விசாரித்தார். பதில் பாதி மலாய், பாதி நேபாளி: “ரூமா பாஞாக் துக்க, ஆமா.” வீட்டில் நிறைய துக்கம். அம்மாவுக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. யார், எப்படி என்று துருவிக் கேட்பது நாகரிகமில்லை என்று வீட்டுக்கு வந்தார். ஐம்பது வெள்ளியை உறையில் போட்டு, கொண்டுபோய் அவர் கையில் வைத்து, தலையைத் தடவிக்கொடுத்துவிட்டு வந்தார். அன்று மாலை என்னிடம், “பாட்டைச் சத்தமா வைக்காதே, வாசல்ல ஒரு பிள்ளை துக்கத்துல இருக்கான்” என்று உத்தரவு வேறு.

இரண்டு நாள் கழித்து அதே தம்பி கைப்பேசியில் யாரிடமோ சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். அம்மாவுக்குக் கோபம். “அப்பன் செத்து இன்னும் மூணு நாள் ஆகல!” செத்தது அப்பா என்பது அம்மாவே முடிவு செய்துகொண்டது. நான் போய் விசாரித்தேன். அவர் பேசிக்கொண்டிருந்ததே அப்பாவோடுதான்! யாரும் இறக்கவில்லை. அப்பாவுக்குச் சொந்த நிலம் இல்லை, தங்கையின் திருமணத்துக்கு வாங்கிய கடன் இருக்கிறது, வீட்டில் கஷ்டம். அதைத்தான் அவர் சொல்லியிருக்கிறார்.

ஒரே வேர், இரண்டு வீடுகள்

நேபாளி வடஇந்திய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. தமிழ் திராவிட மொழி. இரண்டுக்கும் உறவில்லை. ஆனால் ‘துக்கம்’ என்ற சொல்லை இரண்டும் வைத்திருக்கின்றன. சம்ஸ்கிருதத்தில் அது துஃக, பாலி மொழியில் துக்க. புத்தர் சொன்ன நான்கு உண்மைகளில் முதலாவது இந்தச் சொல்தான். அவர் பிறந்த லும்பினி இன்றைய நேபாளத்தில் இருக்கிறது. நம் மணிமேகலையும் அதே பௌத்தக் கருத்தை விளக்குகிறது. ஆனால் அங்கே ஆளப்படும் சொல் ‘துன்பம்’. அந்த இடத்தில் தமிழுக்குத் தன் சொந்தச் சொல்லே போதுமானதாக இருந்திருக்கிறது.

பிற்பாடு துக்கம் என்ற சொல் தமிழில் நன்றாகவே வேரூன்றியது. ஆனால் நாம் அதற்குக் கொடுத்த இடம் மிகவும் குறுகியது. துக்க வீடு, துக்கச் செய்தி, துக்கம் விசாரிக்கப் போனோம், துக்கம் அனுசரித்தார்கள். எல்லாம் சாவைச் சுற்றியே. திருநெல்வேலிப் பக்கம் இருந்து வந்த குடும்பங்களில் ‘துட்டி கேட்கப் போறோம்’ என்பார்கள், அதற்கும் இதே காரியம்தான். சாவில்லாமல் துக்கம் என்று சொன்னாலும் தொண்டையை அடைக்கும் பெரிய சோகத்துக்குத்தான் சொல்வோம். சம்பளம் போதவில்லை என்பதற்கோ தலைவலிக்கோ யாரும் துக்கம் என்று சொல்ல மாட்டோம்.

நேபாளியில் அந்தச் சொல்லுக்கு வீடு பெரியது. வறுமை துக்க. தொல்லை துக்க. உடல் நோவுக்கும் அதே வேர். கடுமையான உழைப்புக்கும் அதே சொல். மனச் சோகத்துக்கு ‘துக்க லாக்யோ’ என்பார்கள், அது நமக்குப் புரியும். ‘துக்கி’ என்றால் சோகமானவன் என்பதோடு ஏழை என்ற பொருளும் வரும். ஆனால் இறந்தவருக்காகத் துக்கம் காப்பதற்கு அவர்கள் பெரும்பாலும் வேறு சொல்லைத்தான் எடுக்கிறார்கள்: ‘ஷோக்’. நம்முடைய சோகம்தான் அது. நமக்குச் சோகம் என்றால் காதல் தோல்விப் பாட்டு, துக்கம் என்றால் சாவு வீடு. அவர்களுக்குச் சாவு வீட்டில் ஷோக், மற்ற எல்லாவற்றுக்கும் துக்க. நாட்டின் தலைவர் மறைந்தால் நாம் தேசிய துக்கம் என்று எழுதுகிறோம், அவர்கள் பத்திரிகையில் ‘ராஷ்ட்ரிய ஷோக்’ என்று வரும். இரண்டு சொற்களும் வீடு மாறிக் குடியேறிவிட்டன.

2015 ஏப்ரல் 25 அன்று நேபாளத்தை உலுக்கிய நிலநடுக்கத்தில் ஏறக்குறைய 9,000 பேர் மாண்டார்கள். அந்த வாரம் மட்டும், ஜொகூரில் ஒரு நேபாளத் தொழிலாளி ‘துக்க’ என்று சொன்னதற்குத் தமிழ்ப் பொருள் எடுத்துக்கொண்டிருந்தாலும் தவறாகியிருக்காது.

நெஞ்சில் கை வைத்த இளைஞர்

அம்மாவின் கதை சிரிப்பில் முடிந்தது. எல்லாக் கதையும் அப்படி முடிவதில்லை. கருத்தரங்குக்கு வந்திருந்த ஓய்வுபெற்ற தாதி ஒருவர் சொன்னதைக் கேட்டு அரங்கம் அமைதியாகிவிட்டது.

தொழிற்பேட்டை ஒன்றின் பக்கத்தில் இருந்த கிளினிக்கில் அவர் வேலை பார்த்த காலம். தொழிற்சாலைச் சட்டையோடு ஒரு நேபாள இளைஞர் வந்தார். நெஞ்சில் கை. “துக்யோ, துக்யோ” என்கிறார். கண் கலங்கியிருக்கிறது. தாதி தமிழர். காதில் விழுந்தது துக்கம். ஊரிலிருந்து ஏதோ கெட்ட செய்தி வந்திருக்கிறது, நெஞ்சு வெடிக்க அழுகிறார் என்று நினைத்தார். மனமிரங்கித் தண்ணீர் கொடுத்தார், மின்விசிறிக்குக் கீழே உட்காரவைத்தார், “அழாதே, எல்லாம் சரியாயிடும்” என்று மலாயில் ஆறுதல் சொன்னார். வரிசையில் இருந்த மற்றவர்களைக் கவனிக்கப் போய்விட்டார். அரை மணி நேரம் கழித்து, கைக்காயத்துக்கு மருந்து போட வந்த இன்னொரு நேபாளத் தொழிலாளி அவரோடு இரண்டு வார்த்தை பேசிவிட்டு ஓடிவந்து சொன்னார்: “டியா சாக்கிட் டாடா!” நெஞ்சுவலி.

இதயத் துடிப்புப் பதிவு எடுத்துப் பார்த்து, ஆம்புலன்ஸ் வரவழைத்து, பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அந்த இளைஞர் பிழைத்தார். “நான் இரக்கம் காட்டினேன், அதனாலதான் தாமதமாச்சு. அலட்சியமா ஒரு நோயாளியைப் பார்க்கிற மாதிரி பார்த்திருந்தா உடனே டாக்டர்கிட்ட அனுப்பியிருப்பேன்” என்றார் அந்த அம்மையார். எனக்கு அந்த வாக்கியத்துக்குப் பிறகு அடுத்த கேள்வி கேட்க வாய் வரவில்லை.

இதை ஏதோ அபூர்வ சம்பவம் என்று ஒதுக்கிவிட முடியாது. 2010களில் மலேசியாவிலிருந்து ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான நேபாளத் தொழிலாளர்களின் உடல்கள் பெட்டியில் ஊர் திரும்பின. இரவில் படுத்து, காலையில் எழாமல் போன இளைஞர்களைப் பற்றிய செய்திகள் தொடர்ந்து வந்தன. பலருக்குச் சாவின் காரணம் மாரடைப்பு அல்லது இயற்கை மரணம் என்றே பதிவானது. வெயில், வேலை நேரம், மருத்துவரிடம் போனால் சம்பளம் பிடிபடுமோ என்ற பயம் என்று எத்தனையோ காரணங்களை ஆராய்பவர்கள் சொல்கிறார்கள். அந்தப் பட்டியலில் மொழியையும் ஒரு ஓரத்தில் வைக்கலாம் என்பது என் எண்ணம்.

ஆகவே இதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ‘துக்யோ’ என்பது வினைச்சொல். வலித்தது, வலிக்கிறது என்று பொருள். முன்னால் உடல் உறுப்பு வரும். ‘டாவ்கோ துக்யோ’ தலை வலி. ‘பேட் துக்யோ’ வயிற்று வலி. ‘சாத்தி துக்யோ’ நெஞ்சு வலி. இந்த மூன்றாவது காதில் விழுந்தால் தண்ணீர் கொடுத்து உட்காரவைக்காதீர்கள். சந்தேகமாக இருந்தால் ‘கஹாங் துக்ச்ச?’ என்று கேளுங்கள். எங்கே வலிக்கிறது என்று அர்த்தம். உச்சரிப்பு கொஞ்சம் முன்பின் ஆனாலும் பரவாயில்லை, விரலால் இடத்தைக் காட்டிவிடுவார்கள். நேபாளத்தில் 2011 கணக்கெடுப்பின்படியே 123 தாய்மொழிகள் உண்டு. தாமாங், ராய், லிம்பு, மைதிலி என்று வீட்டு மொழி எதுவாக இருந்தாலும், பொது மொழியான நேபாளியில் இந்தக் கேள்வி பெரும்பாலும் புரிந்துவிடும்.

‘மன் துக்யோ’ என்றால்தான் மனம் வலிக்கிறது. அதற்குத்தான் தண்ணீரும் ஆறுதலும்.

இங்கே நம்மவர்களுக்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. துக்யோ என்பதைத் துக்கம் என்று மொழிபெயர்க்காமல், ‘நோகுது’ என்று மொழிபெயர்த்துப் பாருங்கள். தலை நோகுது, வயிறு நோகுது, மனசு நோகுது. அப்படியே பொருந்துகிறது! நம் ‘நோ’ என்ற வேர் உடம்புக்கும் மனதுக்கும் பொதுவானது. நோய் என்ற சொல்லும் அதிலிருந்து வந்ததுதான். சங்கப் பாடல்களில் காதலனைப் பிரிந்தவளுக்கும் நோய்தான். வினோதம் என்னவென்றால், சம்ஸ்கிருதத்திலிருந்து எடுத்த ‘சுகம்’ என்ற சொல்லை நாம் உடம்புக்கு வைத்துக்கொண்டோம். ‘உடம்பு சுகமில்லை’ என்கிறோம். அதற்கு எதிர்ச்சொல்லான துக்கத்தை மட்டும் உடம்பிலிருந்து பிரித்து மனதுக்குக் கொடுத்துவிட்டோம்.

உழைப்பும் துன்பமும் ஒரே சொல்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். நிகழ்ச்சியில் விளம்பரம் விழுங்கியதும் இதைத்தான்.

‘துக்க கர்னு’ என்று நேபாளியில் ஒரு வழக்கு. சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘துக்கம் செய்தல்’. ஆனால் பொருள், கடுமையாக உழைத்தல். துக்கம் செய்து பிள்ளைகளைப் படிக்க வைத்தாள் என்றால் அழுதுகொண்டே படிக்க வைத்தாள் என்பதல்ல, பாடுபட்டுப் படிக்க வைத்தாள் என்று அர்த்தம். ஒரு நேபாளத் தொழிலாளி, “மலேசியாவில் எட்டு வருஷம் துக்கம் செய்தேன்” என்று பெருமையாகவே சொல்லக்கூடும்.

இப்போது நம்முடைய ‘சிரமம்’ என்ற சொல்லைப் பாருங்கள். அதுவும் சம்ஸ்கிருதம்தான். அங்கே உழைப்பு, அதனால் வரும் களைப்பு இரண்டுமே அதன் பொருள். நேபாளியில் ‘ஷ்ரம்’ என்றால் இன்றும் உழைப்பு, தொழில். வெளிநாட்டு வேலைக்குப் புறப்படுபவர்கள் வாங்க வேண்டிய அனுமதிக்குப் பெயர் ‘ஷ்ரம் ஸ்வீக்ருதி’, அதாவது தொழில் அனுமதி. தமிழில் படித்தால் ‘சிரமப்பட அனுமதி’! அவர்கள் துன்பத்துக்கான சொல்லை எடுத்து உழைப்புக்கு வைத்தார்கள். நாம் உழைப்புக்கான சொல்லை எடுத்துத் துன்பத்துக்கு வைத்தோம்.

நம் சொந்தச் சொற்களும் இதையே செய்திருக்கின்றன. பாடு என்றால் துன்பம். இயேசு கிறிஸ்து அனுபவித்ததைத் தேவாலயத்தில் ‘பாடுகள்’ என்றே சொல்கிறார்கள். ஆனால் பாடுபட்டான் என்றால் உழைத்தான். அந்தப் பாட்டிலிருந்துதான் பாட்டாளி. வருத்தம் என்ற சொல்லை எடுத்துக்கொண்டால், திருக்குறளில் ‘ஆள்வினையுடைமை’ அதிகாரத்தில் வள்ளுவர் அதை உடலுழைப்பு என்ற பொருளில் ஆண்டிருக்கிறார். பழைய தமிழ் வேதாகமத்தில் மத்தேயு 11ஆம் அதிகாரத்தில், உழைத்துக் களைத்துச் சுமை சுமப்பவர்களைக் குறிக்க எடுத்த வினை ‘வருத்தப்படுதல்’. யாழ்ப்பாணத்தில் வருத்தம் என்றால் நோய். வருத்தக்காரர் என்றால் நோயாளி. நமக்கோ வருத்தம் என்றால் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்காததால் வருவது. பேச்சுத் தமிழில் இன்றும், “எங்கப்பா கஷ்டப்பட்டுப் படிக்க வைச்சாரு” என்கிறோமே, அது அச்சு அசலாக நேபாளியின் துக்க கர்னுதான்.

பிரெஞ்சுக்காரர்கள் வேலைக்குச் சொல்லும் ‘திராவாய்’ என்ற சொல், பழைய லத்தீனில் சித்திரவதைக் கருவி ஒன்றின் பெயரிலிருந்து வந்தது என்று அகராதிகள் சொல்கின்றன. அதே சொல் ஆங்கிலத்துக்குப் போய் வெறும் வேதனையாகிவிட்டது. உடலால் உழைத்த மக்கள் எங்கெல்லாம் இருந்தார்களோ அங்கெல்லாம் இந்த இரண்டு பொருளும் ஒட்டிக்கொண்டே இருந்திருக்கின்றன. பால்மரக் காட்டில் விடியற்காலை நாலு மணிக்குத் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு போன நம் பாட்டிமார்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையே இருந்திருக்காது.

நேபாளத்தவருக்கும் ஜொகூர் புதிய இடம் அல்ல. பிரிட்டிஷ் இராணுவத்தின் கூர்க்கா பொறியியல் படைப்பிரிவு 1948இல் நம் குளுவாங்கில்தான் தொடங்கப்பட்டது. அவசரகாலத்தில் இந்தக் காடுகளில் நடந்தவர்கள் அவர்கள். (எல்லா நேபாளியையும் கூர்க்கா என்று கூப்பிடாதீர்கள். கோர்க்கா என்பது அவர்கள் நாட்டில் ஓர் ஊர்.) தொழிற்சாலைக்கும் காவல் வேலைக்கும் அவர்கள் பெருமளவில் வரத் தொடங்கியது 2000களில். கடன் வாங்கி, முகவருக்குப் பணம் கட்டி வந்தவர்களே அதிகம். இந்தச் செலவுகளை முதலாளியே ஏற்க வேண்டும் என்ற ஒப்பந்தம் 2018 அக்டோபர் 29 அன்று காத்மாண்டுவில் கையெழுத்தானது. நேபாளத் தரப்பில் கையெழுத்திட்டவர் அமைச்சர் கோகர்ண பிஸ்டா. மலேசியத் தரப்பில், அன்றைய மனிதவள அமைச்சர் எம். குலசேகரன். எந்த இரண்டு சொற்களில் அவர்கள் பேசிக்கொண்டார்களோ தெரியாது, பேசிய பொருள் ஷ்ரமும் துக்கவும்தான்.

மலாயையும் விட்டுவிட முடியாது

மலாய் பேசும் நமக்கு இந்தச் சொல் மூன்றாவது வாசல் வழியாகவும் வருகிறது. ‘சுக்கா டுக்கா’ என்று சொல்கிறோமே, இன்பதுன்பம், அந்த டுக்கா இதேதான். இரங்கல் செய்தியில் வரும் ‘டுக்காசித்தா’ என்பது துக்கமும் சித்தமும் சேர்ந்தது. நேபாளியில் ‘சித்த துக்யோ’ என்றால் மனம் புண்பட்டுவிட்டது, கோபித்துக்கொண்டார் என்று பொருள். அதே இரண்டு துண்டுகள், இங்கே இரங்கல், அங்கே மனத்தாங்கல். அந்தக் காவல்காரத் தம்பி மலாய் வாக்கியத்துக்குள் துக்கவை நுழைத்தபோது, மலாய்க் காதுக்கும் தமிழ்க் காதுக்கும் அது சோகமாகவே கேட்டதில் வியப்பில்லை.

இன்னொன்றையும் சொன்னால் சிரிப்பீர்கள். சம்சாரம் என்ற சொல் நேபாளியில் ‘சன்சார்’, உலகம். மலாயில் ‘செங்சாரா’, துன்பம், வேதனை. தமிழில் மனைவி. அரங்கத்தில் இதைச் சொன்னபோது ஆண்கள் பக்கம் கைதட்டல் நிற்கவே இல்லை. பெண்கள் பக்கம் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

பீடை என்பதும் அப்படியே. நமக்குப் பீடை என்றால் தரித்திரம் பிடித்தது, வீட்டை விட்டு விரட்ட வேண்டியது. அதே வேரிலிருந்து நேபாளியில் ‘பீர்’, கவலை. ‘பீர் நகர்னுஸ்’ என்று ஒரு நேபாளத்தவர் சொன்னால், கவலைப்படாதீர்கள் என்று அர்த்தம். மதுவிலக்குப் பிரச்சாரம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஐம்பது வெள்ளி என்ன ஆனது என்று நிகழ்ச்சிக்குப் பிறகு பலர் கேட்டார்கள். விஷயம் தெரிந்ததும் அந்தத் தம்பி பதறிப்போனார். உறையைப் பிரிக்காமல் அப்படியே வைத்திருந்தார். மறுநாள் மாலை வீட்டுக்கே வந்து, இரண்டு கையாலும் நீட்டினார். அம்மா வாங்கவில்லை. “சாவுக்குக் குடுத்ததுதான் திரும்பி வாங்கக்கூடாது. இதுவும் வேணாம், தங்கச்சி கல்யாணத்துக்கு வெச்சுக்கச் சொல்லு” என்றார். நான் மலாயில் சொன்னேன். அவர் உறையை நெற்றியில் தொட்டுக்கொண்டு, தலையைக் குனிந்து, “துக்க தியேங், ஆமா” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா என்னைப் பார்த்தார். “துக்கம் குடுத்துட்டேன்னா சொல்றான்?”

“ஆமாம்மா. சிரமம் கொடுத்துட்டேன்னு சொல்றாரு.”